கணக்கு வகுப்பில் முதல்முறை நிற்கப் போகிறவர்களுக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். கடலூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஒவ்வொரு ஆண்டும் நான்கைந்து பேர் அப்படி வருகிறார்கள். அவர்களில் கணக்குப் பாடம் எடுத்தவர்கள் முதல் நாளே என்னிடம் கேட்பது இதுதான்: "மேடம், பசங்க ஏதாவது கேட்டு எனக்குத் தெரியலைன்னா என்ன பண்றது?"

கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவர்களும் இதைக் கேட்கிறார்கள். தொகை நுண்கணிதம் போட்ட கை ஆறாம் வகுப்புப் பின்னத்துக்கு முன்னால் நடுங்குவதில் வியப்பில்லை. நமக்குக் கணக்கு வரும் என்பது வேறு, பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது எந்த இடத்தில் நழுவுகிறது என்று தெரிவது வேறு. அந்த இடங்களை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவருக்கு வகுப்பில் கால் நடுங்காது. இத்தனை ஆண்டில் நான் கண்டது இது ஒன்றுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான வேலைகள்.

முதல் வாரம்: ரஃப் நோட்டைக் கேட்டு வாங்குங்கள்

முதல் வாரம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் பாடத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். அப்சர்வேஷன் ரெக்கார்டை எழுதத்தான் வேண்டும், எழுதுங்கள். அதோடு வழிகாட்டி ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு பத்துப் பிள்ளைகளின் ரஃப் நோட்டை வாங்கிப் பாருங்கள். வகுப்பு நோட்டு வேண்டாம். அதில் போர்டைப் பார்த்து எழுதியதுதான் இருக்கும், எல்லாம் சரியாகவே இருக்கும். பிள்ளை தனியாக யோசித்த தடம் ரஃப் நோட்டில்தான் கிடைக்கும்.

அங்கே 402 − 178 = 376 என்று ஒரு கணக்கு கட்டாயம் இருக்கும். 'கடன் வாங்கத் தெரியவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கம் போகத் தோன்றும். போகாதீர்கள், ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். 2-இல் 8 போகாது, ஆகவே 8-இல் 2 போக 6. 0-இல் 7 போகாது, ஆகவே 7. 4-இல் 1 போக 3. மூன்று இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவால் வந்த தப்பில்லை. 'சின்னதிலிருந்து பெரியது போகாது' என்று எப்போதோ ஒரு டீச்சர் சொன்னதை அந்தப் பிள்ளை இன்றுவரை மதித்து நடக்கிறது.

இப்போது அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்கலாம்? "402 ரூபாய் வச்சிருக்க, 178 ரூபாய்க்குச் சாமான் வாங்குற. கையில 376 இருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தானே தலையை ஆட்டிவிடும். பிறகு நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் என்று காகிதத்தில் வெட்டிக் கொடுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாயாக மாற்றினால் கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அதிலிருந்து 178-ஐ எடுத்துக் கொடுத்தால் 224 மிச்சம். நான் 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. "கடன் வாங்கினா திருப்பித் தரணுமே டீச்சர், எப்பத் தருவோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் இங்கே யாரிடமும் கடன் வாங்கவில்லை, சில்லறைதான் மாற்றுகிறோம். 'சில்லறை மாத்து' என்றால் கடைத்தெருவுக்குப் போய்வரும் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளையும் இருக்கும். காதில் விழுந்தபடி நூறை எழுதி, ஐந்தை எழுதியிருக்கிறது. நம் மொழியின் எண்ணுப் பெயர்களிலேயே இந்த வழுக்கல் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' கேட்கிறது, அது 900. கூர்ந்து கேட்கிற பிள்ளைதான் இதில் அதிகம் தடுமாறும். 100 என்று எழுதிய அட்டை ஒன்று, 5 என்று எழுதிய சின்ன அட்டை ஒன்று. சின்னதைப் பெரியதன் கடைசிச் சுழியத்தின் மேல் வைத்து 105 ஆக்கிக் காட்டினால் போதும். ஆறாம் வகுப்பில் லட்சம், கோடி வரும்போதும் அதே அட்டைகள் கைகொடுக்கும்.

612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்று எழுதியவரிடம் நீளமாக விளக்கத் தேவையில்லை. "600-ஐ ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். நூறு என்று சொன்ன வாயே 12 தப்பு என்று சொல்லிவிடும். 0.45 பெரியதா, 0.5 பெரியதா என்பதும் இப்படித்தான். 45 பெரிய எண், ஆகவே 0.45 பெரியது என்பார்கள். 0.5 ரூபாய் என்றால் ஐந்து காசு என்று நினைக்கும் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் உண்டு. இரண்டையும் 0.45, 0.50 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சோதித்துப் பாருங்கள். 8 + 4 = □ + 5 என்று போர்டில் எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். வகுப்பில் பலர் 12 என்பார்கள். அவர்களுக்கு '=' என்றால் 'விடை எழுது' என்று அர்த்தம். இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்கும் தராசு அது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை ஆறாம் வகுப்பில் சரிசெய்யாவிட்டால் இயற்கணிதம் தொடங்கும்போது x ஏன் அந்தப் பக்கம் போனது என்று கடைசிவரை புரியாது.

இவற்றையெல்லாம் எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். இடது பக்கத்தில் பிள்ளை போட்ட கணக்கை அப்படியே, திருத்தாமல் எழுதுங்கள். வலது பக்கத்தில் அது என்ன நினைத்து அப்படிப் போட்டிருக்கும், நான் என்ன கேட்டால் அதுவே கண்டுபிடிக்கும் என்று எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். எங்கள் பள்ளியில் இதைத் 'தப்பு நோட்டு' என்கிறோம். கல்லூரியில் இதற்கு மதிப்பெண் தர மாட்டார்கள், ஆனால் பயிற்சிக் காலத்தில் நீங்கள் எழுதுவதில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான்.

இரண்டாம் வாரம்: உங்கள் கையால் போட்டுப் பாருங்கள்

எடுக்கப்போகும் பயிற்சியின் எல்லாக் கணக்கையும் பேனாவால், பிள்ளை எழுதும் முறையில், ஒரு படியும் தாண்டாமல் போடுங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். நம்மில் பலர் பட்டப்படிப்பை ஆங்கில வழியில் முடித்திருப்போம். தொகுதி, பகுதி, தகாபின்னம், மீச்சிறு பொது மடங்கு என்ற சொற்கள் நாக்கில் தானாக வராது. வகுப்பில் சொல்லைத் தேடி நிற்கும் அந்த இரண்டு விநாடியில்தான் நம்பிக்கை போய்விடுகிறது. வீட்டில் தம்பி தங்கை யாரையாவது உட்கார வைத்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொன்னாலும் சரிதான்.

என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வி

நான் பயிற்சிக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல். 1/2 + 1/3. ஒரு பையன் 2/5 என்றான். நான் தப்பு என்றேன். அவன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், முதல் டெஸ்ட்ல 20-க்கு 12, ரெண்டாவது டெஸ்ட்ல 30-க்கு 20 எடுத்தா, மொத்தம் 50-க்கு 32-ன்னு நீங்களே மார்க் போடுறீங்க. அங்க மட்டும் மேலயும் கீழயும் கூட்டலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பின்னத்துக்கு ரூல் இதுதான், உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அன்று மாலை திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரும்வரை அதே யோசனை. பதில் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டு தேர்வுக்கும் 'முழுசு' வேறு. ஒன்று 20 மதிப்பெண் தாள், மற்றது 30 மதிப்பெண் தாள். 32/50 என்பது இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தால் எந்த அளவு என்று சொல்கிறது. அது இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். 12/20 என்பது 60 சதவீதம், 20/30 ஏறக்குறைய 67, 32/50 என்பது 64. கூட்டல் அப்படி நடுவில் நிற்காது. இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இருந்ததைவிட அதிகமாகத்தான் ஆக வேண்டும். 1/2 + 1/3 = 2/5 என்றால், அரை இட்லியோடு இன்னொரு துண்டைச் சேர்த்த பிறகு அரை இட்லியை விடக் குறைவாக ஆகிவிட்டது என்று பொருள். ஒரே இட்லியின் துண்டுகளைச் சேர்க்கும்போது முழுசு மாறுவதில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பையனை அழைத்து, "நீ கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, எனக்கு அன்னைக்குத் தெரியல, இப்பக் கண்டுபிடிச்சிருக்கேன்" என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். பிள்ளைகள் என்னை மட்டமாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கேள்விகள் கூடின.

ஆகவே பதில் தெரியாத கேள்வி வந்தால் செய்ய வேண்டியது: கேள்வியைப் போர்டின் ஓரத்தில் அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள். "நாளைக்குச் சொல்றேன், நீங்களும் யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லுங்கள். மறுநாள் பாடத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். மறந்துவிட்டால்தான் மரியாதை போகும்.

பின்னத்துக்குத் தமிழையே பிடித்துக்கொள்ளுங்கள்

பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் பயப்படுவது பின்னத்துக்கு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் மொழியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். ஒரு காலும் இரண்டு காலும் சேர்ந்தால் முக்கால். இதில் எந்தப் பிள்ளையும் கீழே இருக்கும் 4-ஐக் கூட்டி 8 ஆக்காது. ஏனென்றால் கால் என்பது ஒரு பெயர், மூன்று என்பது எண்ணிக்கை. மூன்று மாம்பழம் என்பது போல மூன்று கால். பின்னத்தில் கீழே இருக்கும் பகுதி பெயரைச் சொல்கிறது, மேலே இருக்கும் தொகுதி எத்தனை என்று சொல்கிறது. எண்ணிக்கையைக் கூட்டலாம், பெயரை எப்படிக் கூட்டுவது? அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் பெயர் வேறாக இருப்பதால் இரண்டுக்கும் பொதுவாக 'ஆறில் ஒன்று' என்ற பெயரை வைத்துக்கொள்கிறோம். அரை என்பது மூன்று 'ஆறில் ஒன்று'. மூன்றில் ஒன்று என்பது இரண்டு 'ஆறில் ஒன்று'. ஆக ஐந்து 'ஆறில் ஒன்று', அதாவது 5/6. மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும்.

பெருக்கலும் உண்டு. அரைக்கால் என்றால் காலில் பாதி, அதாவது 1/8. ஒரு தாளை நான்காக மடித்து, மறுபடி இரண்டாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். 1/2 × 1/4 = 1/8 என்ற வாய்பாட்டை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. உழக்கில் அரிசியை அளந்து படியில் கொட்டும் பிள்ளை நான்கு தடவையில் படி நிரம்புவதைத் தானே பார்க்கும்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் 'முந்திரி என்பது ஒரு பின்னம்' என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எத்தனை முந்திரி சேர்ந்தால் ஒரு காணி என்று கேட்டால் அன்றைய வகுத்தல் பயிற்சி முடிந்தது. விடை 4.

எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பாடக்குறிப்பு எழுதும்போது நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று தலைப்பெல்லாம் நிரப்பிவிடுவோம். எடுத்துக்காட்டில் எந்த எண் வர வேண்டும் என்று யோசிப்பதில்லை. பாடம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

சுற்றளவும் பரப்பளவும் நடத்தும்போது 4-க்கு 4 சதுரத்தை எடுத்தால் சுற்றளவும் 16, பரப்பளவும் 16. 3-க்கு 6 செவ்வகத்தில் இரண்டும் 18. பிள்ளை இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடும். பக்கங்கள் முழு எண்ணாக உள்ள செவ்வகங்களில் இந்த இரண்டு மட்டும்தான் இப்படி வரும், அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு 5-க்கு 3 எடுங்கள். அடுக்கு நடத்தும்போது 2-இன் வர்க்கத்தைக் காட்டாதீர்கள். 2 × 2-உம் 4, 2 + 2-உம் 4. 3-இலிருந்து தொடங்குங்கள். கழித்தலில் முதல் எடுத்துக்காட்டாக 400-ஐயோ 402-ஐயோ வைக்காதீர்கள். 52 − 38 முதலில், 352 − 138 பிறகு, நடுவில் சுழியம் வருவது கடைசியில்.

ஒரு பீரியடுக்கு நான்கு கணக்கு போதும். முதலாவது எல்லோராலும் போடக்கூடியது. மூன்றாவது உங்கள் தப்பு நோட்டில் இருக்கும் தப்பை வெளியே கொண்டுவருவது. அந்தத் தப்பு வகுப்பில் யாராவது ஒருவரிடமிருந்து வரும் என்று தெரிந்தே போகிறீர்கள். வரும்போது பதறத் தேவையில்லை, எதிர்பார்த்த விருந்தாளியைப் போல வாங்கிக்கொள்ளலாம்.

போர்டுக்கு முன்னால்

போர்டை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். இடது ஓரத்தில் தலைப்பும் புதுச் சொற்களும், நடுவில் பெரிய இடத்தில் கணக்கு, வலது ஓரத்தில் ரஃப். நடுவில் எழுதியதைப் பீரியட் முடியும்வரை அழிக்காதீர்கள். எழுதும்போது பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். ஒரு நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உங்கள் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "புரிஞ்சு...து டீச்சர்" என்று ராகத்தோடு ஒரு கூட்டுக்குரல் வரும், அதில் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, "இவன் இப்படிப் போட்டிருக்கான், அவ அப்படிப் போட்டிருக்கா, எது சரி, ஏன்?" என்று கேளுங்கள். அல்லது போட்ட கணக்கிலேயே ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்து ரஃப் நோட்டில் போடச் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வாருங்கள். நடக்கும்போது கையில் சிவப்புப் பேனா வேண்டாம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது எல்லாவற்றையும் விடக் கடினம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்தவர்களும் பேசினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று விநாடி மூன்று நிமிடமாகத் தெரியும். மௌனத்தை யாரோ நம் திறமையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பின்னத்துக்கு ஐந்து வரை எண்ணினாலும் தவறில்லை.

போர்டில் நீங்களே தப்பாகப் போட்டுவிட்டால்? போடுவீர்கள், எல்லோரும் போடுகிறோம். டஸ்டரை எடுத்து அவசரமாக அழிக்காதீர்கள். தப்பின்மேல் ஒரு கோடு போட்டு, "இங்க நான் 7 எட்டு 54-ன்னு எழுதிட்டேன், 56 வரணும்" என்று சொல்லிப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். சுட்டிக்காட்டிய பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதக் கற்பித்தலைப் பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் சிக்கல்களில் முதலாவதாக அந்த அறிக்கை வைத்தது, பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் பயமும் தோற்றுவிட்டோம் என்ற உணர்வும். ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லாததையும் அதே பட்டியலில் சேர்த்திருந்தது. டீச்சரே தப்புப் போட்டுத் திருத்துவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் ஒரு பிடி குறையும். உங்களுக்கும் குறையும்.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகள்

ஏழாம் வகுப்பிலும் இருப்பார்கள். 'கீழ் வகுப்பில் ஒழுங்காச் சொல்லித்தரலை' என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதில் பயனில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து நடத்துகிறார்கள். மேல் வகுப்பிலும் அந்தக் கண்ணோடு பாருங்கள், ஆனால் பெயர் வைத்துப் பிரிக்காதீர்கள்.

எல்லா வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொன்னால் நடக்காது. 2, 5, 10 தெரிந்தால் மற்றதைக் கட்டலாம். 7 × 8 தெரியாதா, 5 எட்டு 40, 2 எட்டு 16, ஆக 56. 9 × 6 என்றால் 10 ஆறு 60, அதில் ஒரு ஆறு போக 54. தினம் முதல் ஐந்து நிமிடம் இதை வாய்க்கணக்காகச் செய்யுங்கள். பிற்காலத்தில் பங்கீட்டுப் பண்பு என்று அவர்கள் படிக்கப்போவது இதைத்தான்.

ஊரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்

துணைக்கருவிக்காகச் சார்ட் அட்டையும் தெர்மோகோலும் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீன் ஏலம் தெரியும். ஒரு கூடை என்ன விலைக்குப் போனது, கிலோ என்ன விழுந்தது என்று கேளுங்கள், விகிதம் நடந்துவிடும். பண்ருட்டியில் பலா. உள்ளே போனால் மல்லாட்டை (நிலக்கடலை): ஒரு படி மல்லாட்டையை உரித்தால் எவ்வளவு பருப்பு வரும் என்று வீட்டில் அளந்து வரச் சொல்லுங்கள். சில வீட்டுப் பிள்ளைகள் சந்தையில் நம்மை விட வேகமாகக் கணக்குப் போடுவார்கள். அதே கணக்கை நோட்டில் எழுதச் சொன்னால் திணறுவார்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி, மனசுக்குள் எப்படிப் போட்டாய் என்று கேட்டு அவன் சொல்வதை நீங்கள் போர்டில் எழுதுங்கள்.

பரப்பளவுக்கு நம் பக்கத்துக் காணிக் கணக்கு இருக்கிறது (இது பின்னக் காணி இல்லை, நில அளவு). 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி. மைதானத்தில் கயிறு பிடித்து ஒரு குழியைக் குறித்து, உள்ளே எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். 24 என்றும் 96 என்றும் சொல்வார்கள். 576 என்று கண்டுபிடித்த பிறகு காணிக்கு 57,600 சதுர அடி, ஏக்கர் 43,560, ஆகவே காணி என்பது ஏறக்குறைய 1.32 ஏக்கர் என்பது வரை அவர்களே போவார்கள். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால் வகுப்பில் இரண்டு மூன்று விதமான விடை வரும், வரட்டும்.

மார்கழியில் கோலம். 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று எண்ணினால் 25. 5 புள்ளிக் கோலத்தில் 13, 9 புள்ளிக் கோலத்தில் 41. இதில் என்ன ஒழுங்கு என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 13 என்பது 9 + 4, 25 என்பது 16 + 9, 41 என்பது 25 + 16, எல்லாம் அடுத்தடுத்த வர்க்க எண்கள் என்று ஒரு பெண் கண்டுபிடிப்பாள். பெரும்பாலும் கணக்கில் மதிப்பெண் குறைவாக வாங்கும் பெண்ணாக இருப்பாள். சாய்த்துப் பார்த்தால் இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நிற்பது அவளுக்குக் கண்ணிலேயே தெரியும்.

கல்லூரியிலிருந்து பார்க்க வருகிற நாள்

அன்றைக்கென்று புதிதாக எதுவும் செய்யாதீர்கள். முந்தைய நாள் எடுத்த பாடத்தின் தொடர்ச்சியை எடுங்கள். பிள்ளைகளிடம் விடையை முன்பே சொல்லிப் பழக்கிவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பொய், செய்யாதீர்கள். வந்தவர் குறை சொன்னால் எழுதிக்கொண்டு, எந்தக் கணக்கில் எந்தப் பிள்ளையிடம் அது தெரிந்தது என்று கேளுங்கள்.

மழை, கடைசி வாரம்

நவம்பரிலும் டிசம்பரிலும் கடலூருக்கு மழை விடுமுறை வரும். பாடக்குறிப்பில் அந்த நாட்களை விட்டே திட்டமிடுங்கள். விடுமுறை முடிந்து வரும் முதல் பீரியடில் புதுப் பாடம் வேண்டாம், நான்கு பழைய கணக்கு போடச் சொல்லி ரஃப் நோட்டைப் பாருங்கள்.

கடைசி வாரத்தில் தப்பு நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், 402 − 178 போட்ட பிள்ளையிடம் 503 − 267 கொடுங்கள். 236 வந்தால் இடது பக்கத்தில் தேதியைப் போடுங்கள். 364 வந்தால், நீங்கள் கேட்ட கேள்வி போதவில்லை, வேறொன்றை வலது பக்கத்தில் எழுதிவையுங்கள். கிளம்பும் நாளன்று அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியை வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் பெஞ்சில் வந்து உட்காரப்போகிறவர் முதல் நாளே அதைப் புரட்டட்டும். எங்கள் பள்ளி பீரோவில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது, அதில் மேலாக இருப்பது 1/2 + 1/3.